இரண்டு தட்டுப் புத்தகங்கள்

புத்தகங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது மிகவும் சுலபமான காரியம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், "ஆஹா! அதுவல்லவோ புத்தகம்!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பித் தம்ளரைக் கையில் எடுக்கலாம். அந்தப் புத்தகத்தை நாம் முழுவதும் படித்தோமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால், தங்களையும் யாராவது திருப்பிக் கேட்டுவிடக் கூடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இந்தச் சௌகரியமான ஏற்பாட்டின்படி நாமும் நாற்பது வருஷ காலமாகக் கௌரவத்தோடு காலந்தள்ளி வந்தோம். சென்ற தை மாதத்தில் அதற்கு ஆபத்து வந்து சேர்ந்தது.

பழைய வீட்டை விட்டு, அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றின் நாலாவது மாடிக்குக் குடிபோக வேண்டியதாயிற்று. பழைய வீட்டின் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஐந்து அலமாரிகள் நின்றன. புது வீட்டைப் பார்த்து அளந்துவிட்டு வந்த நம் இல்லத்தரசி, "ஒரே ஒரு அலமாரிக்குத்தான் இடம் இருக்கிறது. மேல் தட்டு சுவாமி படங்களுக்கு. கீழ்த் தட்டு மருந்து மாத்திரைகளுக்கு. நடுவில் இரண்டு தட்டுகள் உங்களுக்கு" என்று தீர்ப்புக் கூறினாள். மேல் முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு அது.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. நம் பேத்தி பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். வயது 14. இந்த வருஷம் முதல் நம்மோடு தங்கிப் படிப்பதாக ஏற்பாடு. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பதுதான் கஷ்டம். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். அவளுடைய தாயார் நம்மை டெலிபோனில் அழைத்து, "அப்பா! அவள் தமிழ் படிக்கக் கற்றுக்கொள்வதென்றால் உங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நம் குடும்பத்தில் தமிழ் படிக்கிற வழக்கம் என்னோடு தீர்ந்துபோகும்" என்றாள். சொல்லும்போது அவள் குரல் சற்றே தழுதழுத்தது. ஆகவே, அந்த இரண்டு தட்டுகளில் எவை இருக்க வேண்டும் என்பது வந்து போகிறவர்கள் பார்த்து மெச்சுவதைப் பொறுத்த விஷயமாக இல்லாமற் போயிற்று. நாம் மதிக்கும் புத்தகங்கள் வேறு, நம்மைப் பிடித்து இழுத்த புத்தகங்கள் வேறு என்ற உண்மையை நாம் முதன் முதலாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, மூன்று குவியல்களுக்கு இடம் ஒதுக்கினோம். இருப்பது ஒன்று, போவது ஒன்று, யோசிப்பது ஒன்று. முதல் நாள் சாயங்காலம் பார்த்தபோது மூன்றாவது குவியல் மட்டுமே வளர்ந்திருந்தது.

முதலில் கைக்கு வந்தது 'பிரதாப முதலியார் சரித்திரம்'. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவர்கள் எழுதி 1879ம் ஆண்டில் வெளியான நூல். தமிழின் முதல் நாவல் என்று பெயர் பெற்றது. கவிதையாகவே எல்லாவற்றையும் சொல்லிப் பழகிய பாஷையில், வசனத்தில் ஒரு நெடுங்கதை சொல்லத் துணிந்த அந்தப் பெரியாரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. இந்தப் புத்தகத்தை நாம் எத்தனையோ கூட்டங்களில் புகழ்ந்திருக்கிறோம். ஆனால் வாலிபத்தில் ஒரு முறை படித்ததற்கு மேல் படித்ததுண்டா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொண்டால், இல்லை. கதை இரண்டு பக்கம் நடந்தால், அடுத்த நாலு பக்கத்துக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து உபதேசம் செய்கிறார். அல்லது உபகதை ஆரம்பிக்கிறார். ஞானாம்பாள் ஆண் வேஷம் பூண்டு விக்கிரமபுரிக்கு ராஜாவாகும் கட்டம் மட்டும் இன்றைக்கும் ருசிக்கிறது. அந்தக் கட்டத்தைப் பேத்திக்கு வாயால் கதையாகச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துப் புத்தகத்தைப் 'போவது' குவியலில் வைத்தோம். வைக்கும்போது பின்னால் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

'கமலாம்பாள் சரித்திரம்' விஷயத்தில் அப்படிப்பட்ட சங்கடம் இல்லை. வத்தலக்குண்டு ராஜம் ஐயர் இதை 'விவேக சிந்தாமணி'யில் எழுதத் தொடங்கிய 1893ம் ஆண்டில் அவருக்கு வயது 21. 1898ல், 26வது வயதில், காலமாகிவிட்டார். இந்த இளம் பிள்ளைக்குக் கிராமத்து மனிதர்களின் நாவும் மனமும் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தன என்பது நமக்கு இன்னமும் விளங்காத ஆச்சரியம். சிறுகுளம் கிராமத்தில் ஒருவருடைய வாயிலிருந்து புறப்பட்ட வம்பு ஊரைச் சுற்றி வருவதற்குள் எத்தனை கைகால் முளைத்துவிடுகிறது! தமிழ் வித்துவான் அம்மையப்ப பிள்ளை வரும் இடங்களைப் பக்கத்தில் ஆள் இருக்கும்போது படிக்கக் கூடாது. தனியாகச் சிரிப்பவர்களைப் பற்றி உலகம் தவறாக நினைக்கும். பிற்பகுதியில் கதை வேதாந்தத்தின் பக்கம் திரும்புகிறது. இருபது வயதில் அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனோம். வயதானால் அவை பிடிக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வயதாகிவிட்டது. முற்பகுதிதான் இப்போதும் பிடிக்கிறது.

அடுத்தபடியாக ஒரு ரகசியத்தை வெளியிட வேண்டியிருக்கிறது. நம் அலமாரிகளில் முன் வரிசை, பின் வரிசை என்று இரண்டு வரிசைகள் உண்டு. முன் வரிசை வந்து போகிறவர்களுக்காக. பின் வரிசை நமக்காக. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்', 'மேனகா', 'திகம்பர சாமியார்' முதலியவையும், ஆரணி குப்புசாமி முதலியாரின் துப்பறியும் நாவல்களும் பல வருஷங்களாகத் தேவாரத்துக்கும் திருவாசகத்துக்கும் பின்னால் அஞ்ஞாத வாசம் செய்துவந்தன. அட்டை போன இந்தப் புத்தகங்களைச் சிறு வயதில் போர்வைக்குள் பாட்டரி விளக்கை வைத்துக்கொண்டு படித்திருக்கிறோம்.

இவற்றில் பலவற்றின் கதை ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டது என்பது உண்மை. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும் என்பதும் உண்மை. வில்லன்களுக்கும் அவர்களுடைய மீசைகளுக்கும் வர்ணனை அதிகம். ஆயினும், தமிழ்நாட்டில் வாயைத் திறக்காமல், கண்ணாலேயே, வேகமாகப் படிக்கும் பழக்கத்தை ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஏற்படுத்தியவை இந்தப் புத்தகங்களே என்பது நம் அபிப்பிராயம். புராணத்தை ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்கலாம். மேனகாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத் துடிப்பவனுக்கு இன்னொருவர் வாசித்துக் காட்டும் வரையில் பொறுமை ஏது? 'மேனகா' 1935ல் டி. கே. எஸ். சகோதரர்கள் நடிக்கப் படமாகவும் வந்தது. 'திகம்பர சாமியார்' 1950ல் எம். என். நம்பியார் நடித்துப் படமாயிற்று. நம் வீட்டு 'திகம்பர சாமியார்' பின் வரிசையிலிருந்து 'இருப்பது' குவியலுக்குப் பகிரங்கமாகக் குடியேறினார்.

ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தியவர். 115 நாவல்கள் எழுதியவர். தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர். அவருடைய நாவல்களில் ஒன்றைப் படித்துவிட்டு இரண்டாவதை எடுக்க நம்மால் முடியவில்லை. துன்பப்படும் நல்லவர்கள் கொஞ்சம் குறைவாகப் பேசினால் தேவலை என்று தோன்றுகிறது. ஆனால் இந்த அபிப்பிராயத்தை நம் பாட்டியின் எதிரில் சொல்லியிருந்தால் நமக்கு அன்று சாப்பாடு கிடைத்திராது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்தப் பாட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே 'ஜகன்மோகினி'க்காகத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பேத்தி வரப் போகிற வீட்டில், இந்த விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. பாட்டி கை பட்ட ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கவிதைக் குவியலில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை, கம்பரைத் தவிர. கம்ப ராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உண்டு. ரசிகமணி டி. கே. சி. அவர்கள், இவற்றில் பெரும் பகுதி கம்பர் வாக்கே அல்ல என்று துணிந்து தள்ளிவிட்டு, தாம் கம்பர் பாட்டு என்று நம்பியவற்றை மட்டும் 'கம்பர் தரும் ராமாயணம்' என்று பதிப்பித்தார். பண்டிதர்கள் கோபித்துக்கொண்டது நியாயமே. ஏடுகளில் உள்ளதை ஒருவர் தம்முடைய ரசனையை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு தள்ளுவது ஆராய்ச்சி முறைக்கு ஒவ்வாது. ஆனால், ஒரு பாட்டை எங்கே நிறுத்தி, எங்கே மூச்சு விட்டு, எந்தச் சொல்லில் குரலை இறக்க வேண்டும் என்பதை அவரிடம் நாம் கற்றுக்கொண்டது போல் வேறு யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. முழு ராமாயணம் ஏழெட்டுத் தொகுதி, டி. கே. சி. பதிப்பு மூன்றே. இடநெருக்கடி காரணமாக டி. கே. சி. கட்சி ஜயித்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

'அபிதான சிந்தாமணி'யைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பள்ளி ஆசிரியராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒரு மனிதராக வருஷக் கணக்கில் பாடுபட்டுத் தொகுத்தது. 1910ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் வெளிவந்தது. இப்போது யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கைப் போனைத் தடவினால் பதில் வந்துவிடுகிறது. ஆகையால் இதற்கு இடம் எதற்கு என்று கேட்கலாம். கைப் போனில் தேடியது கிடைக்கும். இந்தப் புத்தகத்திலோ, ஒரு ரிஷியின் பெயரைத் தேடிப் போனால் அவருக்கு முன்னும் பின்னும் அகர வரிசையில் உட்கார்ந்திருக்கும் ராஜாக்களும் நதிகளும் அசுரர்களும் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது ரிஷியை மறந்துபோயிருக்கும். ஒரு தட்டில் கால் பங்கை இந்தப் பெரிய மனிதர் அடைத்துக்கொண்டார். அடைத்துக்கொள்ளட்டும்.

பிரயாண நூல்களில் ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' ஒன்றே போதும் என்று மற்றவற்றைத் தள்ளினோம். 1937ம் ஆண்டு அக்டோபர் 2ம் தேதியன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தி மகாத்மாவைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று நினைத்து, தேசம் தேசமாக அலைந்து துண்டுப் படங்களைச் சேகரித்து, 1940ல் அந்தப் படத்தை வெளியிட்டும் காட்டியவர் அவர். இவ்வளவு செய்தவருடைய எழுத்தில் 'நான்' என்பது எவ்வளவு குறைவு! பார்த்த ஊர் முன்னால் நிற்கிறது. பார்த்தவர் கதவோரமாக ஒதுங்கி நிற்கிறார். இந்தக் காலத்துப் பிரயாணக் கட்டுரைகள் சிலவற்றைப் படித்தால், எழுதியவர் எந்த ஓட்டலில் என்ன சாப்பிட்டார் என்பது மனப்பாடமாகிறது. ஊர் எப்படியிருக்கும் என்பது மட்டும் தெரிவதில்லை.

விஞ்ஞான நூல்களில் ராஜாஜியின் 'திண்ணை ரசாயனம்', பெ. நா. அப்புஸ்வாமி அவர்களின் கட்டுரைகள் ஆகியவை தங்கின. ஆனால் ஒரு விஷயத்தைப் பிறருக்கு விளங்கும்படி தமிழில் எழுதுவது எப்படி என்பதற்கு நாம் காட்டக்கூடிய உத்தமமான உதாரணம் வேறு. அது எஸ். மீனாட்சி அம்மாள் 1951ல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்ற நூல்தான். படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்கிறார்; ஆனால் படிக்கிறவரை அசடு என்று நினைப்பதில்லை. எவ்வளவு, எப்போது, எந்தப் பதம் என்பதை எல்லாம் ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்கிறார். பாட புத்தகம் எழுதுகிறவர்கள் ஆறு மாதம் இந்த அம்மாளின் புத்தகத்தை வைத்துச் சமையல் செய்துவிட்டுப் பிறகு பேனாவை எடுக்கலாம். இதை நம் தட்டில் வைக்கப் போனபோது இல்லத்தரசி ஆட்சேபித்தாள். "அது என் புத்தகம். சமையலறையிலே இருக்கும். உங்கள் கணக்கிலே சேராது" என்றாள். நமக்கு ஒரு புத்தகத்துக்கு இடம் மிச்சமாயிற்று.

அந்த இடத்தில் புதுமைப்பித்தன் கதைகளை வைத்தோம். கடவுளையே வீட்டுக்கு அழைத்து வந்து, தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கும் கந்தசாமிப் பிள்ளையைப் பேத்திக்கு அறிமுகம் செய்துவைக்காமல் இருக்க முடியுமா? மற்றக் கதைகளுக்கு அவள் இன்னும் நாலைந்து வருஷம் காத்திருக்கலாம்.

மனத்தை உறுத்தியது ஆனந்த ரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் டூப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதி வைத்தது. பேச்சு எப்படியோ அப்படியே எழுத்து. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரைப் பற்றி யாரிடம் கோள் சொன்னார்கள் என்பதெல்லாம் நேற்று நடந்தது போல் இருக்கின்றன. சரித்திரப் புத்தகங்களில் யுத்தங்கள் நடக்கின்றன; இதிலேதான் யுத்தத்தின்போது ஜனங்கள் என்ன பயந்தார்கள் என்பது தெரிகிறது. ஆனால், ஒரே சமயத்தில் பத்துப் பக்கங்களுக்கு மேல் நம்மால் படிக்க முடிந்ததில்லை. நம்மிடமிருந்த தொகுதிகள் அரைத் தட்டுக்கு மேல் கேட்டன. பக்கத்துத் தெருக் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். அது தவறு என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு முறை போய் அங்கே உட்கார்ந்து படித்துவிட்டும் வந்தோம்.

நூலகம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியவற்றுக்குப் பழைய பேப்பர்க்காரர் வந்தார். சாக்கை விரித்துத் தராசை வைத்தார். ரயில்வே கைடும், காளமேகமும், பழைய வருமான வரிச் சட்டமும் ஒரே தட்டில் ஏறின. "எல்லாம் ஒரே ரேட்டுத்தானா அப்பா?" என்று கேட்டோம். "காகிதந்தானுங்களே சாமி!" என்றார். அதற்கு மறுமொழி நமக்குத் தோன்றவில்லை.

கடைசிச் சாக்கில் கை விட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்து, "சாமி! இதிலே கையெழுத்தாலே எழுதின காகிதம் இருக்குது. வீட்டுப் பத்திரம் ஏதாச்சும் இருக்கப் போவுது, பாத்துக்குங்க" என்று நீட்டினார்.

அது நம் பெரியப்பா பைண்டு செய்து வைத்த 'என் சரித்திரம்'. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1940 ஜனவரி முதல் 'ஆனந்த விகட'னில் வாரந்தோறும் எழுதிவந்ததை, பெரியப்பா கத்தரித்துச் சேர்த்துக் காலிக்கோ அட்டை போட்டு வைத்திருந்தார். 1950ல் வெளிவந்த அச்சுப் புத்தகத்தின் மறுபதிப்பு ஒன்றும் நம்மிடம் இருந்தது. எழுத்துச் சுத்தம், காகிதமும் நல்ல காகிதம். ஆகையால், தொட்டால் பொடியும் பழைய கட்டை மிகவும் அறிவோடு யோசித்து நாமே 'போவது' குவியலில் போட்டிருந்தோம்.

கையெழுத்துக் காகிதங்கள் கடைசிப் பகுதியில் இருந்தன. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தினால் சென்னைப் பட்டணம் பாதி காலியாயிற்று. பெரியப்பாவும் குடும்பத்தோடு கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்த கிராமத்துக்குப் போனார். அந்தக் குழப்பத்தில் சில வாரத்து இதழ்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. பிற்பாடு யாரிடமோ இரவல் வாங்கி, அந்த அத்தியாயங்களை ஊதா மையில் குண்டு குண்டான எழுத்தில் பிரதி செய்து சேர்த்திருக்கிறார். கடைசிக் காகிதத்தின் ஓரத்தில், "28-4-42. ஐயரவர்கள் திருக்கழுக்குன்றத்தில் காலமானார்கள். சரித்திரம் முடியவில்லை" என்று ஒரு குறிப்பு.

அன்று மத்தியானம் நாம் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. உட்கார்ந்து அதைப் படித்தோம். நாம் படித்த புத்தகங்களுக்குள் எது சிறந்தது என்று இனி யாராவது கேட்டால், கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இதுதான். தமிழ் கற்றுத் தர ஒரு நல்ல ஆசிரியர் வேண்டும் என்பதற்காக ஒரு தகப்பனார் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகக் குடி பெயர்கிறார். வறுமையைப் பற்றிச் சொல்கிற இடத்தில்கூட முறையீடு இல்லை. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பையன் சங்கீதம் கற்றுக்கொள்வது, தமிழ் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிடிக்காமற்போன இடத்தைப் படியுங்கள். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் ஒரு சிறுவனின் மனம் படும் பாட்டை நாவலாசிரியர் யாரும் இவ்வளவு அடக்கமாக எழுதியதில்லை. 1880ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். எவ்வளவோ கற்ற வித்துவானுக்கு அந்த நூல் தெரியவில்லை. அன்று ஆரம்பித்த தேடல், 1887ல் சிந்தாமணி அச்சாகி வரும் வரையில், வடுவூராருடைய எந்தத் துப்பறியும் கதைக்கும் குறைந்ததல்ல. ஏட்டுக்கு ஏடு பாடம் மாறுகிறது. விளங்காத ஒரு சொல்லுக்காக வேறொரு நூலைத் தேடிப் போனால், அங்கே அதைவிடப் பெரிய புதையல் அகப்படுகிறது. குறையே இல்லையா என்றால், உண்டு. மடத்து உபசாரங்களும், பெரிய மனிதர்களைப் பற்றிய பாராட்டுப் பாடல்களும் சில அத்தியாயங்களில் அளவுக்கு மேல். அவற்றை நாம் தாண்டிப் போவது வழக்கம்.

பேப்பர்க்காரரிடம் அச்சுப் புத்தகத்தையும் கொடுக்கவில்லை. கிளை நூலகத்துக்கு அனுப்பினோம். பைண்டுப் புத்தகம் இரண்டாவது தட்டில் முதல் இடத்தில் உட்கார்ந்தது.

ஜூன் மாதத்தில் பேத்தி வந்தாள். முதலில் எதை எடுப்பாள் என்று நாமும் இல்லத்தரசியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் கவனித்தோம். 'திகம்பர சாமியா'ரின் அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். பதினைந்து நாள் வரையில் அலமாரியின் பக்கம் திரும்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை எடுக்க வந்தவள், பெரியப்பாவின் கட்டைப் பிரித்து அதன் பின்பக்கங்களிலிருந்த பழைய விளம்பரங்களையும் சிரிப்புத் துணுக்குகளையும் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஊதா மைக் காகிதங்கள் அவள் கண்ணில் பட்டன.

"இது யார் எழுதினது, தாத்தா?"

சொன்னோம். குண்டு போடுவார்கள் என்று ஓடிப் போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இதைக் கையால் எழுதினாரா என்று அவளுக்கு ஆச்சரியம். அப்படி என்ன இருக்கிறது இதில் என்று கேட்டாள். "நீயே பாரேன்!" என்றோம். கையெழுத்துப் புரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். ஆனாலும் முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். சில நாள் ஒன்று. 'உத்தமதானபுரம்' என்ற பெயரைக் கடக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. சந்தேகம் கேட்பதற்காக நம்மை இரவு ஒன்பது மணிக்கு மேல் எழுப்பியதும் உண்டு. மடத்துப் பாராட்டுப் பாடல்களைத் தாண்டிப் போக நாம் அனுமதி கொடுத்திருக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் இன்றைய தேதியில், பையனும் தகப்பனாரும் அவளும் மாயூரம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மகாவித்துவானை நாளைக்குப் பார்க்கப் போகிறார்கள்.